அலங்காரப் பிரியன்

பெருமாள் அலங்காரப் பிரியர் என்றும், சிவபெருமான் அபிஷேகப் பிரியர் என்றும் பெரியோர் சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். இவ்விரண்டிலும் ஒருங்கே பிரியமுள்ள ஒரு மூர்த்தி, மேற்கு மாம்பலத்தில் நமது வீட்டு வாசலில் இரண்டு வருஷமாக எழுந்தருளியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்குத் திருமஞ்சனம் நடைபெறும். அலங்காரத்துக்கோ நாள் நட்சத்திரம் கிடையாது. சம்பளம் வந்த மறுநாளெல்லாம் உற்சவந்தான். மூர்த்தியின் திருநாமம் மோட்டார் சைக்கிள். அர்ச்சகர் நமது மருமான்.

இந்த வண்டியைக் 'க்ரூஸர்' ஜாதி என்கிறார்கள். ஆசனம் தாழ்ந்திருக்கும், கால் வைக்கும் இடம் முன்னே தள்ளியிருக்கும், கைப்பிடி உயர்ந்து வளைந்து ஓட்டுகிறவனை எதிர்கொண்டு அழைக்கும். அவசரக்காரர்களுக்கு ஏற்பட்டதல்ல, நீண்ட சாலையில், சாய்வு நாற்காலியில் அமர்ந்தவனைப் போல் நிம்மதியாகப் போக விரும்புவோர்க்கு ஏற்பட்டது. நமது மருமான் வாங்கியது ராயல் என்பீல்டு கம்பெனியாரின் மீட்டியார் 350 என்னும் வண்டி. 2020-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் முதன்முதலாக வெளிவந்த ரகம். 349 ஸி.ஸி. என்ஜின்; 15 லிட்டர் பெட்ரோல் தொட்டி; எடை 191 கிலோ. வாசற்படியில் ஏற்றுவதற்கு நமது வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் எல்லாரும் கை கொடுக்கவேண்டும்.

வாங்கியதைப்பற்றி நமக்கு யாதொரு குறையும் இல்லை. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலே பிறந்த அந்தக் கம்பெனி, 1955-ம் வருஷம் மெட்ராஸ் மோட்டார்ஸாருடன் கூட்டுச் சேர்ந்ததன் பயனாகத் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. 1970-ம் வருஷத்தோடு சீமையில் தாய் மறைந்தாள். சென்னையிலே வளர்ந்த பிள்ளையோ இன்றைக்குச் சீமைக்கே வண்டி ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறது. இதில் பெருமை கொள்ளாதவன் தமிழனல்லன். ஆகவே, எல்லாச் செலவும் உட்பட இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக ஆன தொகையை நாம் சந்தோஷமாகவே கணக்கில் எழுதினோம்.

வண்டி விலை என்பது முன்பணம் மாதிரி என்னும் உண்மை பின்னால்தான் விளங்கிற்று.

முதலில் வந்தது என்ஜினுக்கு முன்னால் மாட்டும் காப்புக் கம்பி. வண்டி சாய்ந்தால் என்ஜினுக்கும் காலுக்கும் அடிபடாது என்றான். பிள்ளையின் காலைக் காட்டிலும் நாலாயிரம் ரூபாய் பெரிதா? சரி என்றோம். கம்பி வந்தது, பளபளவென்று குரோமியம் பூசிய கம்பி. அது வந்த அன்றே, அதற்குப் பக்கத்திலிருந்த கறுப்புச் சைலன்சர் அழுது வடிவதுபோல் தோன்ற ஆரம்பித்தது. அன்றியும், அவ்வளவு நல்ல கம்பி வெறுமனே இருக்கலாமா? அதில் இரண்டு விளக்குகள் மாட்டினால் இரவுப் பிரயாணத்துக்கு உதவுமே! விளக்கு வாங்கினால் விளக்கோடு போவதில்லை. அதற்குத் தனி ஒயர், தனி ப்யூஸ், ரிலே, சுவிட்சு, இவற்றையெல்லாம் பொருத்தும் மெக்கானிக்கின் கூலி. பிறகு, இவ்வளவு பாரத்தைப் பாட்டரி தாங்குமா என்ற கவலை. இந்தக் கவலைக்கு மட்டும் இதுவரையில் ரூபாய் செலவாகவில்லை.

கைப்பிடி விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். புதிதாக வாங்கிய மெத்தை ஆசனம் பழையதைவிடச் சற்று உயரம். உயரவே, கைப்பிடி தாழ்ந்துவிட்டதாக மருமானுக்குத் தோன்றிற்று. இரண்டங்குலம் உயர்ந்த வேறொரு கைப்பிடி வாங்கினான். இரண்டங்குலந்தானே என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளச் கேபிள், முன் பிரேக்கின் எண்ணெய்க் குழாய், சுவிட்சுகளுக்குப் போகும் ஒயர்கள் ஆகிய எல்லாம் பழைய உயரத்துக்கு அளந்து வைத்தவை. இழுத்துக் கட்டி ஒப்பேற்றலாம் என்றாலோ, வண்டியை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பும்போது கேபிள் விறைத்து, யாரும் முறுக்காமலே என்ஜின் வேகம் பிடிக்கும். ஆகையால் நீண்ட கேபிள், நீண்ட குழாய். குழாயை மாற்றினால் பிரேக் எண்ணெயை மாற்றி, உள்ளே புகுந்த காற்றைத் துளித்துளியாக வெளியேற்றவேண்டும். மெத்தை ஆசனத்தின் விலை 4,800 ரூபாய். அதன் பொருட்டுக் கைப்பிடி வகையில் ஆனது 6,400 ரூபாய்.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காகப் பசு வாங்கி, பசுவைப் பார்த்துக்கொள்ளக் கலியாணமும் செய்துகொண்ட சந்நியாசியின் கதை நமது நாட்டிலே எல்லாருக்கும் தெரியும். அந்தச் சந்நியாசிக்காவது ஒரு குடும்பம் மிஞ்சிற்று.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் உள்ள கடைகளுக்கு மருமானுடன் ஒருமுறை போயிருந்தோம். கடைக்காரர் எதையும் விற்கப் பிரயத்தனம் செய்யவில்லை. "இந்த வண்டிக்கு முன் கண்ணாடி போடவில்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்டார், அவ்வளவுதான். கண்ணாடி வந்தது. மார்பிலே அடித்துக்கொண்டிருந்த காற்று அதில் மோதி மேலே எழும்பி நேராகத் தலைக்கவசத்தில் வந்து அடித்தது. காதிலே ஓயாத இரைச்சல். அதற்குப் பரிகாரமாகக் கண்ணாடியின் தலையில் ஒட்டும் சிறு கண்ணாடி ஒன்று விற்கிறார்களாம்!

இந்த வித்தை பிறந்த தேசத்திலே அது நேர்மாறாகத் தொடங்கியது என்பதுதான் விசித்திரம். இரண்டாவது மகாயுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் கனத்த ஹார்லி டேவிட்ஸன் வண்டிகளை வாங்கி, முன் மட்கார்டைக் கழற்றி எறிந்து, பின் மட்கார்டை வெட்டிக் குறைத்து, வேண்டாதவற்றையெல்லாம் நீக்கி லேசாக்கிக்கொண்டார்கள். அந்த அலங்காரத்துக்கு ஒரு ரம்பமும் ஒரு ஸ்பானரும் போதும். பிற்பாடுதான் முன்சக்கரத்தை நெடுந்தூரம் நீட்டி, எங்கும் குரோமியம் பூசும் மோகம் வந்தது. 1969-ம் வருஷம் வெளியான 'ஈஸி ரைடர்' என்னும் சினிமாப் படம் அதை உலகமெங்கும் பரப்பிற்று. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஜனங்கள் கொட்டகையில் செய்துகொண்டிருந்ததைத் தாங்களே செய்து, 1971-ல் 'சூப்பர் க்ளைடு' என்று ஒரு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று உபரிச் சாமான்களின் ஜாப்தா வண்டிக் கம்பெனிகளுக்கு ஒரு தனி வியாபாரம். கழற்றி எறிவதில் ஆரம்பித்த கலை, வாங்கி மாட்டுவதில் வந்து நிற்கிறது.

சைலன்சரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 9,500 ரூபாய் கொடுத்து வாங்கிய புதுச் சைலன்சரின் நாதம் மருமானுக்குக் கம்பீரமாக இருந்தது. எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு அப்படி இல்லை. 2019-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், தயாரித்தவர்கள் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாறுதலுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டுமே. இந்தச் சட்டத்தைப் படித்துக்காட்டிய அன்று மாலையே பழைய சைலன்சர் மீண்டும் பட்டத்துக்கு வந்தது. புதியது பரணில் இருக்கிறது.

பதினான்கு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தோம். பெட்ரோல், பழுது, இன்ஷியூரன்ஸ் நீங்கலாக, அலங்காரச் செலவு மாத்திரம் 52,500 ரூபாய். கூட்டிய அதே வாரத்தில் மாயவரத்துக்கு அருகேயுள்ள கிராமத்திலிருந்து நமது அக்காள் வந்து சேர்ந்தாள். மருமானின் தாயார்.

அக்காள் தனியாக வசிக்கும் வீடு நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. கைமரங்களில் பாதி செல்லரித்துவிட்டன. ஐப்பசி மழையில் சமையலறையில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்தாகவேண்டும். தச்சர் அறுபதினாயிரம் ஆகும் என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. பிள்ளை மாதந்தோறும் பணம் அனுப்பத் தவறியதில்லை; ஆனால் கூரைக்கென்று தனியாக அனுப்பவும் இல்லை. அக்காள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "நன்றாயிருக்கிறது. மழையில் நனையாமல் எங்கே நிறுத்துகிறாய்?" என்று மட்டும் கேட்டாள். மழைக்கென்று வாங்கிய உறையை மருமான் எடுத்துக் காட்டினான். நமது சகதர்மிணி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்றிரவு நாம் மருமானிடம் பேசினோம். அவன் சொன்ன பதில் அலட்சியம் செய்யத்தக்கதல்ல. "மாமா, ஆபீஸிலே நாள் முழுவதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நான் செய்யும் வேலையில், இது நான் செய்தது என்று கையால் தொட்டுக் காட்ட ஒன்றுமில்லை. இந்த வண்டி ஒன்றுதான் என் இஷ்டப்படி மாறுகிறது. அம்மாவுக்குச் செய்யமாட்டேன் என்றா சொன்னேன்? அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப் போய்விட்டது" என்றான். முதற் பகுதியில் நியாயம் உண்டு என்றே நமக்குப் பட்டது. வீணை வாசிக்கிறவனுக்கும், தோட்டம் போடுகிறவனுக்கும் நாம் அனுமதிக்கிற சந்தோஷத்தை இவனுக்கு மறுப்பானேன்? இரண்டாம் பகுதிக்கு நாம் பதில் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே, கதவோரத்தில் நின்ற நமது சகதர்மிணி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"வண்டிக்கு ஒரு ரூபாய் செலவழித்தால், கூரைக்கு ஒரு ரூபாய் வைத்துவிடு. உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டோம்."

"சரி, மாமி" என்றான். பழைய பாக்கியாக 52,500 ரூபாயும் இந்த விதிக்கு உட்பட்டதே என்று அவள் சொன்னபோது சற்றுத் தயங்கினான். பிறகு அதற்கும் சரி என்றான். பாக்கியைத் தவணையில் கட்டினான். புரட்டாசிக்குள் கைமரங்கள் மாற்றி, ஓடு பிரித்து மேய்ந்தாகிவிட்டது. குறைந்த தொகையை அக்காள் தேங்காய் விற்ற பணத்திலிருந்து போட்டாள். பிள்ளையிடம் வாங்க மறுத்துவிட்டாள்.

இந்த ஏற்பாட்டினால் விலையெல்லாம் இரட்டித்துவிட்டது. மூவாயிரம் ரூபாய்ச் சாமான் ஆறாயிரம் ஆகிறது. தலைக்கவசத்தில் காற்று அடிப்பது முன்போல் அவ்வளவு தொந்தரவாக இல்லை என்கிறான். தேய்ந்துபோன பின் டயரை மாற்றியபோது, டயர் அலங்காரமா, அவசியமா என்று ஒரு வாதம் எழுந்தது. அவசியம் என்று நாம் ஒப்புக்கொண்டோம். ஆனால் முன்னிருந்ததைவிட அகலமான டயருக்கு ஆன அதிகப்படி விலை அலங்காரத்திலேயே சேர்ந்தது.

போன மாதம் புதுப் பிரச்னை ஒன்று முளைத்திருக்கிறது. பின்னால் தொங்கும் பயணப் பைகளை வருஷத்துக்கு இரண்டு தடவைதான் உபயோகிப்பதாகக் கண்டு, அவற்றையும் தாங்கு கம்பிகளையும் கழற்றிப் பாதி விலைக்கு விற்றுவிட்டான். அவற்றின்றி வண்டி லேசாகவும், பார்க்க அழகாகவும் இருப்பதாக அவனே சொல்லுகிறான். விற்றுவந்த 6,500 ரூபாயைக் கொண்டு வேறு சாமான் வாங்கினால், அதற்கும் கூரைக்கணக்கில் சரிபாதி வைக்கவேண்டுமா என்பது கேள்வி. பைகள் வாங்கியபோதே கூரைப்பங்கு செலுத்தியாகிவிட்டது, ஒரே ரூபாய்க்கு இரண்டு முறை வரி போடலாகாது என்பது மருமானின் கட்சி. கூரை முடிந்தாலும் கிணற்றடிச் சுவர் இடிந்து கிடக்கிறதே என்பது மாமியின் கட்சி. வழக்கு நம்மிடம் வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, திருமஞ்சனம் முடிந்த பிறகு, இரு தரப்பையும் விசாரிப்பதாக இருக்கிறோம்.