பொத்தானின் எழுத்தை அல்ல, இடத்தைப் பாருங்கள்

பழைய கன்சோல் விளையாட்டுகளை ஓட்டும் ரெட்ரோஆர்க் மென்பொருளில் கன்ட்ரோலர் தாறுமாறாக வேலை செய்தால் முதலில் ஏ, பி பொத்தான்களைப் பாருங்கள் நண்பர்களே. 1990இல் வந்த நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கன்ட்ரோலரில் பி கீழே, ஏ வலப்பக்கம். எக்ஸ்பாக்ஸில் நேர்மாறு. ரெட்ரோஆர்க் பின்பற்றுவது சூப்பர் ஃபேமிகாம் அமைப்பை. இந்தப் பொத்தான்கள் இடம் மாறினால் சூப்பர் மரியோ வேர்ல்டில் சாதாரணமாகத் தாவ வேண்டிய மரியோ சுழன்று தாவுவார். அந்த விளையாட்டின் சுகமே கட்டைவிரல் யோசிக்காமல் நகர்வதில்தான் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வராது.

ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவாகிறதா? ஸ்டீம் பின்னணியில் ஓடினால் மூடிவிட்டுச் சோதியுங்கள். ஒரே கன்ட்ரோலரை அது இன்னொன்றாகவும் காட்டக்கூடும். பாத்திரம் தானாக நகர்ந்தால் டெட்ஸோனைக் (ஸ்டிக்கின் சிறு அசைவைப் பொருட்படுத்தாத எல்லை) கொஞ்சம் கூட்டுங்கள்.

பொத்தான் மாற்றங்களை ரீமேப் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். நின்டெண்டோ 64க்குத் தனிக் கோப்பு அவசியம்: அதன் நான்கு மஞ்சள் சி பொத்தான்களுக்கு இன்றைய கன்ட்ரோலர்களில் வலது ஸ்டிக்தான் வசதி.