சிகரச் சிகரம்

'ஞாண்' என்றாலே கயிறுதான். இருந்தும் நாம் 'அரைஞாண் கயிறு' என்று சொல்லி வருகிறோம். ஒரே பொருளை இரண்டு தரம் சொல்லும் இந்தத் தாராள குணம் தமிழர்களுக்கே உரியது என்று வெகு காலம் எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துக்கு உபாத்தியாயராக வந்த பிறகு அந்தக் கர்வம் நீங்கியது. இங்கே 'பிகாச்சோ பீக்' என்று ஒரு மலை இருக்கிறது. ஸ்பானிய மொழியில் 'பிகாச்சோ' என்றால் சிகரம். இங்கிலீஷில் 'பீக்' என்றாலும் சிகரம். ஆகவே, மலையின் பெயர் சாக்ஷாத் 'சிகரச் சிகரம்'!

பீனிக்ஸ் நகரிலிருந்து டூஸான் நகருக்குப் போகும் பெருஞ்சாலையின் ஓரத்தில், தட்டையான பாலைவனத்தின் நடுவே, ஒட்டகத்தின் திமில்போல் அது தனித்து நிற்கிறது. உயரம் 3,374 அடிதான். நம் கொடைக்கானலில் பாதிகூட இல்லை. ஆனால் கொடைக்கானலுக்கு மோட்டாரில் போய்விடலாம். இங்கேயோ, பாறையில் நட்ட கம்பங்களில் கட்டியிருக்கும் எஃகு வடத்தைப் பிடித்துக்கொண்டு, கையும் காலுமாகத் தொற்றி ஏற வேண்டும்.

நாற்பத்தாறு வயதில் எனக்கு ஏன் இந்த வேலை என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் என் வாய்தான். "ஆரம்பித்த பரிசோதனையைப் பாதியில் விடாதே" என்பது என் விஞ்ஞான வகுப்பின் வேத வாக்கியம். ஒரு வெள்ளிக்கிழமை, "மிஸ்டர், நீங்கள் எதையும் பாதியில் விட்டதே இல்லையா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "திங்கட்கிழமை பார்! பிகாச்சோவின் உச்சியிலிருந்து படம் பிடித்துக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அது பிப்ரவரி மாதம். இந்தப் பாலைவனத்தில் கோடையிலும் மழையுண்டு, குளிர்காலத்திலும் மழையுண்டு. சனிக்கிழமை பிற்பகல் மழை வரும் என்று வானிலை அறிக்கை சொல்லிற்று. உடன் வருவதாயிருந்த நண்பர் விவேகி, வரவில்லை. "வானம் இருண்டு கிடக்கிறதே, இன்றைக்கே போக வேண்டுமா?" என்றாள் என் மனைவி. "மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவேன்" என்று புறப்பட்டேன்.

அடிவாரத்தில் ஒருவரையும் காணோம். ஸகுவாரோ என்னும் ராக்ஷஸக் கள்ளிகள் மட்டும் கைகளைத் தூக்கியபடி நின்றன. அவற்றின் உடம்பில் விசிறிபோல் மடிப்புகள் உண்டு. மழை பெய்தால் மடிப்பு விரிந்து, உள்ளே தண்ணீரைச் சேமித்துக்கொள்ளும். முதல் தூறல் விழுந்ததும் கிரியோசோட் என்னும் புதரிலிருந்து ஒரு வாசனை எழுந்தது. நம் ஊரில் மண் மணப்பதுபோல் இங்கே செடி மணக்கிறது.

பாதி வழியில் மலை முதுகு ஒன்று வரும். அங்கே ஏறியதும் உச்சி பக்கத்தில்தான் என்று மகிழ்ந்தேன். ஆனால் பாதை மறுபக்கமாகத் திடீரென்று கீழே இறங்கிற்று! மூச்சுத் திணறச் சம்பாதித்த உயரத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். வடத்தைப் பற்றிக்கொண்டு இறங்கினேன், மீண்டும் ஏறலானேன்.

அப்போதுதான் மழை பிடித்துக்கொண்டது. அது எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. பாறையின் மேல் ஓடை ஓடிற்று. கையுறை நனைந்து விரல்கள் மரத்துப்போயின. மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. உச்சிக்கு இன்னும் இரண்டு மூன்று வடங்கள்தான் பாக்கியிருக்கும். எங்கோ இடி உறுமிற்று. நான் பிடித்திருந்த வடத்தைப் பார்த்தேன். இரும்பு மின்சாரத்தைக் கடத்தும் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதியவன் நான்!

இதே மலையடியில் 1862-ஆம் வருஷம் ஏப்ரல் 15-ஆம் தேதி, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது ஒரு சிறு சண்டை நடந்தது. ஜேம்ஸ் பாரெட் என்ற வடக்குப் படை அதிகாரி, பின்னால் வரும் சைனியத்துக்குக் காத்திராமல் தம்முடைய சில வீரர்களுடன் போய் மோதினார். அவரும் இரண்டு வீரர்களும் மாண்டார்கள். அந்தக் கதையை என் வகுப்பில் சொல்லி, "அவசரம் ஆகாது" என்று நீதியும் புகட்டியிருந்தேன். வடத்தைப் பிடித்து நின்றபோது அது ஞாபகம் வந்தது.

திரும்பத் தீர்மானித்தேன். உடனே மனத்தில் ஒரு குரங்கு எழுந்து உட்கார்ந்தது. 'உச்சியிலும் இதே வெள்ளை மேகந்தானே? இங்கேயே ஒரு படம் பிடித்து, இதுதான் உச்சி என்று சொன்னால் யார் கண்டார்கள்?' வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: மரத்த விரல்களால் டெலிபோனை எடுத்து அந்தப் படத்தைப் பிடித்தேன்.

திரும்புவதும் லேசாக இல்லை. வந்த வழியே இறங்கி, அந்த மலை முதுகுக்கு மறுபடியும் ஏறினால்தான் அடிவாரத்துக்குப் போக முடியும். ஒவ்வோர் இடிக்கும் வடத்தை விட்டு ஒதுங்கிப் பதுங்கி, இடி ஓய்ந்த பிறகு நகர்ந்தேன். வீடு சேரும்போது மாலை ஆகிவிட்டது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு, வெந்நீர் வைக்கப் போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாயிருந்திருக்கும்.

திங்கட்கிழமை படத்தைக் காட்டினேன். வகுப்பு முழுவதும் கூடிப் பார்த்தது. ஓர் எஃகு வடம், அதைச் சுற்றிலும் வெண்மை. வேறொன்றுமில்லை.

"இதுதான் உச்சியா, மிஸ்டர்?" என்றாள் அந்தச் சிறுமி.

ஒரு கணம் தயங்கினேன். அந்த ஒரு கணம், மழையில் வடத்தைப் பிடித்து நின்ற நேரத்தைவிட நீளமாயிருந்தது.

"இல்லை. நான் திரும்பிய இடம்" என்றேன்.

சிறுமி படத்தை மறுபடி உற்றுப் பார்த்தாள். "பாதியில் விட்டுவிட்டீர்கள்" என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள் எவை என்ற பாடத்தை ஆரம்பித்தேன்.