பித்தளையின் முன்கதை

பலெர்மோ பழைய நகரத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்றான அல்பெர்கேரியா, பல்லாரோ காய்கறிச் சந்தைக்கும் ஈழத்திலிருந்து சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இடமளித்திருக்கும் நெருக்கமான குடியிருப்பு. அதன் சந்துகளில் தரையில் துணி விரித்து நடக்கும் பழம்பொருள் வணிகத்தில் பித்தளைச் சாமான்களும் கைமாறுகின்றன. மக்வேதா சாலைக்கு அப்பால் உள்ள கால்தெராய் தெரு, உலோகத்தைத் தட்டிக் கொப்பரை செய்தவர்களின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. பழைய உலோகம் எங்கே இருந்தது, என்னென்ன பட்டது என்று வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் கேட்கத் தோன்றினாலும், தரையில் கிடக்கும் பொருள் அதற்கு அரைகுறையாகவே பதில் சொல்லும். இதே கேள்வி மயிரிழைத் துல்லியத்துடன் எழும் கைத்தொழில் ஒன்று உண்டு. அது, போட்டிகளுக்காகத் தோட்டாவை வீட்டு மேசையில் மறுபடி நிரப்பும் தொழில்.

தோட்டா என்பது ஈயக்குண்டு, வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், இம்மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைக்கும் பித்தளைக் கூடு ஆகிய நான்கும் சேர்ந்தது. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டுமே. தமிழ் வாசகர்கள் நன்கறிந்த போட்டிகளில் இந்தக் கூட்டுக்கு வேலை குறைவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் கூடே கிடையாது. புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் பங்கேற்கும் டிராப் போட்டியின் தோட்டாவில் அடிப்பகுதி மட்டுமே உலோகம், உடல் பிளாஸ்டிக். புள்ளி 22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருப்பதால், அதை ஒருமுறை சுட்டால் அதோடு சரி. ஆகவே புதிய கூடா, பழைய கூடா என்ற தெரிவு, 300 மீட்டரும் அதற்கு மேலும் தொலைவுள்ள இலக்குகளைப் பெரிய ரைபிள்களால் சுடுவோருக்கும், நூற்றுக்கணக்கில் தோட்டா செலவழியும் கைத்துப்பாக்கிப் போட்டியாளருக்கும் உரியது.

கூட்டுப் பித்தளையில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் இருக்கின்றன. தகட்டிலிருந்து வெட்டிய வட்டத்தை முதலில் கிண்ணமாக்கி, அச்சுகளின் வழியே பலமுறை இழுத்து நீட்டுவார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை விறைத்துப்போவதால், இடையிடையே சூடேற்றி இளக்குவார்கள். மகாராஷ்டிரத்தின் அம்பர்நாத் படைக்கலத் தொழிற்சாலை இத்தகைய கிண்ணங்களைச் செய்வதற்குப் பெயர்பெற்றது. வேலை முடிந்த கூட்டில் அடிப்பகுதி அழுத்தத்தைத் தாங்கும் கடினத்தோடும், வாய்ப்பகுதி குண்டை இறுகப் பிடித்து, சுடும்போது விரிந்துகொடுக்கும் மென்மையோடும் இருக்க வேண்டும். ஒரே பொருளுக்குள் இரண்டு பதம் வைப்பதுதான் இத்தொழிலின் உச்சம்.

புதிய கூடு மாசற்றது என்பது பாதி உண்மையே. பெட்டியில் உருண்டு வந்ததில் அதன் வாய் நசுங்கியிருக்கலாம். பிரைமரின் தீ உள்ளே பாயும் துளையில் பிசிறு நிற்கலாம். அளவும் தொழிற்சாலையின் பொது அளவாகத்தான் இருக்கும். ஒரு துப்பாக்கியில் முதன்முறை சுடும்போதுதான் அது விரிந்து அந்தத் துப்பாக்கிக்கே உரிய வடிவைப் பெறுகிறது. அனுபவமுள்ள பலர் முதல் சுற்றைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு இரண்டாம் சுற்றிலிருந்தே கூட்டை நம்புவது இதனால்தான். எனவே தன் துப்பாக்கியில் தானே சுட்டு, எத்தனை முறை நிரப்பினோம் என்று எழுதி வைத்திருக்கும் பழைய கூடு, பிரிக்காத பெட்டியிலுள்ள புதியதைவிட மேலானது. சுடுதளத்தில் பொறுக்கியது அப்படியன்று. படைத்துறைக் கூடாயின் இயந்திரத் துப்பாக்கியின் தாராளமான அறைக்குள் அளவுமீறி நீண்டிருக்கக்கூடும். மலிவு என்பதற்காக அதை உயர்ந்த அழுத்தமுள்ள போட்டித் தோட்டாவுக்குப் பயன்படுத்துவது கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து.

அந்த ஆபத்தைக் கண்டறியும் கருவி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. காகிதம் கோக்கும் கம்பியை நிமிர்த்தி, நுனியை மட்டும் சிறு கொக்கியாக வளைத்து, கூட்டின் வாய்வழியே உள்ளே விட்டு, உட்சுவரை வருடிக்கொண்டு அடியிலிருந்து மேலே இழுப்பார்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து உள்ளுக்குள் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால், கொக்கி அங்கே இடறும். அடுத்த வெடிப்பில் கூடு இரண்டாகப் பிரியக்கூடிய இடம் அதுவே. வெளியே பளபளக்கும் கூட்டில் கண்ணுக்குத் தெரியாத இக்குறையை விரல்நுனி உணர்ந்துவிடுகிறது. பிரைமர் தடையின்றி வழுக்கி உட்கார்ந்தால் அடிப்பகுதி தளர்ந்துவிட்டது என்றும், வாய் ஓரத்தில் நூல்போல் கீறல் தெரிந்தால் பித்தளை விறைத்துவிட்டது என்றும் கொள்ள வேண்டும். சில சுற்றுகளுக்கு ஒருமுறை வாயை மட்டும் தீயில் காட்டி இளக்கினால் இக்கீறல் தள்ளிப்போகும். அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. அது இளகினால் கூடு உயிருக்கே ஆபத்தாகும்.

பித்தளை தான் பட்டதை மறப்பதில்லை என்பதற்கு இந்தியாவே பெரிய சான்று. பிரிட்டிஷ் இந்தியப் படையின் கிடங்குகளில் யாரும் தொடாமல் இருந்த தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. பருவத்தோடு வந்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் பருவ வெடிப்பு என்னும் பொருளிலேயே பெயர் அமைந்தது. குதிரை லாயங்களின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, இழுத்து நீட்டியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகியவை சேர்ந்ததே காரணம் என்பதை மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் 1921இல் விளக்கினர். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களில் கூட்டைக் கழுவக் கூடாது என்று இன்றும் எச்சரிப்பது இந்தப் பாடத்திலிருந்து வந்ததே.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் பத்தர்களின் தொழிலோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். வார்ப்புத் தொழிலில் பழம்பித்தளை உருகும்போது நெளிவு, விறைப்பு, கீறல் எல்லாம் கரைந்துபோகின்றன. 907 பாகை செல்சியஸில் கொதிக்கும் துத்தநாகம் வெண்புகையாக வெளியேறுவதால், குறைந்ததைப் புதிதாகச் சேர்த்து ஈடுகட்ட வேண்டியதுதான் மீதி. தோட்டா நிரப்புபவருக்கு உலை கிடையாது. பழைய கூட்டை அதன் முன்கதையோடுதான் அவர் ஏற்க வேண்டும். அதனால்தான் கொக்கி இடறிய கூட்டை அவர் குப்பையில் அப்படியே எறிவதில்லை. இடுக்கியால் வாயை நசுக்கி, இனி எந்தக் குண்டும் அதில் உட்காராதபடி செய்த பிறகே பழைய இரும்புக் கடைக்கான டப்பாவில் போடுகிறார்.