இரண்டு விளக்குகளும் ஒரு பொய்யும்

எங்கள் கார் ஷெட்டின் அலமாரியில், திருகாணிகளும் வாஷர்களும் போட்டுவைத்த டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் டப்பா 34 ஆண்டுகளாக மூடியபடியே இருந்தது. அதற்குள் பழைய சுவிட்சு ஒன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. கார் ஓட்டுகிறவர் இடது காலால் அழுத்தி, முகப்பு விளக்கின் ஒளியை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் சுவிட்சு அது. அதன் உட்புறம் கருகிப் போயிருந்தது. அதைத் தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. எவருக்கும் எடுத்துக் காட்டவும் துணிவு வரவில்லை.

நாங்கள் இங்கிலாந்தில் கோவென்றி நகரத்தில் குடியிருக்கிறோம். என் மனைவி செவிலியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள். நான் ஒரு தொழிற்சாலையில் மின்பழுது பார்ப்பவனாக இருந்தேன். 1988-ஆம் ஆண்டில், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து, 1965-இல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் பந்தயக் கார் வகை வண்டியை விலைக்கு வாங்கினேன். எம்.ஜி. என்றதும் நம்மவர்களுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார்! இந்த எம்.ஜி.யோ ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த 'மாரிஸ் கராஜஸ்' என்னும் கடையின் முதலெழுத்துகள். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்னும் சிற்றூரிலிருந்த தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. கார்கள் செய்யப்பட்டன. இரண்டே இருக்கைகள்; மடக்கிவைக்கும் துணிக்கூரை. மழை பெய்தால் எங்காவது ஒழுகும். குடும்பத்துக்கு ஏற்ற வண்டியன்று. ஆனாலும் நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

வாங்கிய மறு ஆண்டு, முகப்புக் கம்பித்தட்டியின் முன்னால் இரண்டு துணை விளக்குகளைப் பொருத்தினேன். வட்டமான, பளபளக்கும் விளக்குகள்; ஒவ்வொன்றும் 55 வாட். இங்கே நவம்பர் மாதத்தில் மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும். தொலைதூரம் ஒளி வீசும் விளக்குகள் தேவைதான் என்று மனைவியிடம் சொன்னேன். அழகுக்காகவும் என்பதைச் சொல்லவில்லை.

அந்த வேலையை நான் செய்த விதத்தை இப்போது எழுதவே கை கூசுகிறது. தொழிற்சாலையில் ஒரு பயிற்சி மாணவன் அப்படிச் செய்திருந்தால் அவனைக் கடிந்துகொண்டிருப்பேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோ என்னும் ஊரிலிருந்த நண்பர் வீட்டுக்குப் போக வேண்டும். புது விளக்குகளுடன் போக வேண்டும் என்ற அவசரம். ஆகவே குறுக்கு வழியில் இறங்கினேன். முகப்பு விளக்கின் உயர் ஒளிக்குச் செல்லும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயரைச் சுரண்டி, அதிலேயே இரண்டு விளக்குகளையும் முறுக்கிச் சேர்த்தேன். வீட்டிலிருந்த பழைய மேசை விளக்கின் ஒயர்தான் அதற்குக் கிடைத்தது. பியூஸ் இல்லை. ரிலே இல்லை. இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

கணக்கு எளிதானது. முகப்பு விளக்குகள் இரண்டும் உயர் ஒளியில் 60 வாட் வீதம் 120 வாட். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். நான் சேர்த்த விளக்குகள் 110 வாட். ஏறத்தாழ 9 ஆம்பியர். 10 ஆம்பியருக்கென்று இருந்த சுவிட்சின் வழியாக 19 ஆம்பியர் ஓடிற்று. போதாக்குறைக்கு, இந்தக் காரில் முகப்பு விளக்குகளுக்கு ஆலையிலேயே பியூஸ் வைப்பதில்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியாதவையல்ல. தெரிந்தும் செய்தேன்.

ஞாயிறு மாலை நண்பர் வீட்டிலிருந்து நாங்கள் புறப்பட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. ஸ்டோவிலிருந்து வடக்கே வரும் வழி 'ஃபாஸ் வே' எனப்படும் பழைய உரோமானியர் சாலை. உரோமர் போட்ட சாலை என்பதால் நேர்கோடாக இருக்கும். ஆனால் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும். தெரு விளக்கு ஒன்றுகூட இல்லை. என் மனைவி அப்போது ஆறு மாதக் கருவுற்றிருந்தாள். புது விளக்குகள் வேலிகளையும் மரங்களையும் வெண்மையாகக் காட்டிக்கொண்டே போயின. நானும் பெருமிதத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மேட்டின் உச்சியில், எதிரே ஒரு லாரியின் ஒளி தெரிந்தது. ஒளியைத் தாழ்த்துவதற்காகக் காலால் சுவிட்சை அழுத்தினேன். எல்லாம் அணைந்தது. உயர் ஒளியும் இல்லை, தாழ் ஒளியும் இல்லை, நான் சேர்த்த விளக்குகளும் இல்லை. எதிரே வருகிறவன் ஒளி கண்ணைக் கூசச் செய்ய, என் பக்கத்துச் சாலை கிணறு போல் இருண்டது. மீண்டும் அழுத்தினேன், ஒன்றும் இல்லை. மனைவியின் கை என் தோளைப் பற்றியது. லாரி உரசுவது போல் கடந்து சென்றது. மூன்றாம் முறை மிதித்தபோது தாழ் ஒளி வந்தது. எத்தனை வினாடிகள் ஆகியிருக்கும்? மூன்றோ நான்கோ. காரின் இடப்புறச் சக்கரங்கள் புல்தரையில் ஓடிக்கொண்டிருந்தன.

வண்டியை நிறுத்தினேன். உள்ளே எரிந்த பேக்லைட்டின் வாடை.

"என்ன ஆயிற்று?" என்று அவள் கேட்டாள்.

"பழைய வண்டியல்லவா? சுவிட்சு தேய்ந்துபோயிருக்கிறது," என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு இலகுவாக வந்தது என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. மறுநாள் மாலை, அவள் பணிக்குப் போயிருந்த நேரத்தில், சுவிட்சைக் கழற்றிப் புதியது மாட்டினேன். துணை விளக்குகளின் ஒயரைத் துண்டித்து, நுனியில் டேப் சுற்றி, உள்ளே மடக்கிவைத்தேன். விளக்குகளை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் என்று கேட்பாளே! அன்று முதல் அவை வெறும் அணிகலன்களாக நின்றன. என் மனைவியோ அதன் பின் ஒரு நாளும் இரவில் அந்தக் காரில் ஏறவில்லை. ஏறச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

2023 அக்டோபரில் எங்கள் மகள் வந்திருந்தாள். அன்றிரவு தாயின் வயிற்றில் எங்களோடு பயணம் செய்தவள் அவள்தான். வேல்ஸ் நாட்டில் தோழியின் திருமணம், நவம்பர் இறுதியில். "அப்பா, எம்.ஜி.யை நான் எடுத்துப்போகட்டுமா? அந்த இரண்டு விளக்குகள் ஏன் எரிவதே இல்லை?" என்று கேட்டாள். மலைச் சாலை, திரும்பும்போது இரவாகும். நான் அவளுக்கு விடை சொல்லவில்லை. சரிசெய்து தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இம்முறை குறுக்கு வழியே இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். பாட்டரியின் எர்த் ஒயரை முதலில் கழற்றினேன். இந்தக் காரில் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு, இருக்கைகளின் பின்னால் தரைக்கடியில் இருக்கின்றன. இக்காலக் கார்களில் பாட்டரியின் எதிர்முனை காரின் உடலோடு இணைக்கப்படும். 1967 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி.யிலோ நேர்முனைதான் உடலோடு சேரும். இதை மறந்து வேலை செய்கிறவன் இடர்ப்படுவான். இழை பல்புகளுக்கு எந்த முனையாக இருந்தாலும் ஒன்றுதான். சாதாரண ரிலேயும் அப்படியே. ஆனால் இப்போது பலரும் வாங்கும் எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை முனை மாறினால் எரியமாட்டா. ஆகவே பழைய பல்பு வகையையே வைத்துக்கொண்டேன்.

ரிலே என்பது என்ன? மேலதிகாரி கையசைக்க, கீழே உள்ளவர் மூட்டை தூக்குவது போன்றது. சுவிட்சின் வழியே ஓடும் கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம் ஒரு சிறு மின்காந்தத்தை இயக்குகிறது. அக்காந்தம் கனமான இணைப்பை மூட, விளக்குகளுக்கு வேண்டிய 9 ஆம்பியர் வேறொரு வழியாகப் பாட்டரியிலிருந்து நேரே செல்கிறது. ஸ்டார்ட்டர் சொலினாய்டில் பாட்டரிக் கேபிள் வந்து சேரும் இடத்திலிருந்து புது ஒயர் எடுத்தேன். அங்கிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் 15 ஆம்பியர் பியூஸ் வைத்தேன். பியூஸ் தள்ளி இருந்தால், இடைப்பட்ட ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஒயர் 2 சதுர மில்லிமீட்டர். 17 ஆம்பியர் தாங்கும். தகட்டில் துளையிட்டு நுழையும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம். விளக்கு ஒவ்வொன்றுக்கும் காரின் உடலில் பெயின்டைச் சுரண்டி, தனித்தனி எர்த். விளக்கு மங்கலாக எரிகிறது என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். பெரும்பாலும் குற்றம் துருப்பிடித்த எர்த்தில்தான் இருக்கும்.

ரிலேயை இயக்கும் சிறு மின்சாரத்தை மட்டும் அந்த நீல வெள்ளை ஒயரிலிருந்தே எடுத்தேன். காரணம் உண்டு. ஒளியைத் தாழ்த்தும்போது தொலைவிளக்குகளும் கூடவே அணைந்தாக வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம். எதிரே வருகிறவன் கண்ணும் கண்தானே!

புது ஒயரை மாட்டுமுன், பழைய இணைப்பை ஒரு நிமிடம் அப்படியே சேர்த்து அளந்து பார்த்தேன். பாட்டரியில் 12.6 வோல்ட், விளக்கில் 10.4. இரண்டு வோல்ட்டுக்கு மேல் மெல்லிய ஒயரிலும் சுவிட்சிலும் வெப்பமாகப் போய்க்கொண்டிருந்தது. வோல்ட் சிறிது குறைந்தாலும் பல்பின் ஒளி வெகுவாகக் குறையும். பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். அன்று நான் பெருமிதத்தோடு பார்த்த ஒளி, உண்மையில் பாதி ஒளிதான்! புது ஒயர் மாட்டிய பின் விளக்கில் 12.1 வோல்ட் வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இக்காரின் டைனமோ அதிக அளவாக 22 ஆம்பியர் தரும். முகப்பு விளக்குகள், துணை விளக்குகள், பின் விளக்குகள், எஞ்சினுக்கு வேண்டியது எல்லாம் சேர்ந்தால் 25-ஐத் தொடும். வருமானம் 22, செலவு 25 என்றால் குடும்பத்தில் என்ன நடக்கும்? சேமிப்பில் கை வைப்போம். இங்கே சேமிப்பு பாட்டரி. எனவே இருண்ட நெடுஞ்சாலையில் சிறிது நேரம் மட்டும் பயன்படுத்து என்று மகளுக்கு ஒரு தாளில் எழுதிவைத்தேன்.

விளக்கின் பின்புறத்தில் 'லூக்காஸ்' என்று பொறித்திருக்கிறது. சென்னை பாடியில் 'லூக்காஸ்' நிறுத்தத்தில் இறங்கியவர்களுக்கு அறிமுகமான பெயர்தான். அங்குள்ள லூக்காஸ் டி.வி.எஸ். தொழிற்சாலையால் வந்த பெயர் அது. பெயருக்கு உரிய ஜோசப் லூக்காஸ், பர்மிங்காம் தெருக்களில் தள்ளுவண்டியில் விளக்கெண்ணெயாக மண்ணெண்ணெய் விற்றவர். பிறகு 'சாலையின் மன்னன்' என்று பெயரிட்டு மிதிவண்டி விளக்குகள் செய்தார். பெயர் வைப்பதில் வல்லவர்!

வேலை செய்த மூன்று மாலைகளிலும் என் மனைவிதான் டார்ச் பிடித்தாள். எனக்கு இப்போது கண் பார்வை குறைவு. மூன்றாம் மாலை, பம்பருக்குப் பின்னாலிருந்து பழைய மேசை விளக்கு ஒயரை இழுத்தபோது, "இது நம் வீட்டு ஒயர் அல்லவா? எங்கே போயிற்று என்று நான் தேடியிருக்கிறேன்," என்றாள்.

எழுந்துபோய் அந்தப் பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து திறந்து காட்டினேன். "சுவிட்சு தானாகத் தேயவில்லை. நான் செய்த வேலையால் கருகியது. அன்றிரவு உன்னிடம் பொய் சொன்னேன்," என்றேன்.

அவள் டார்ச் ஒளியில் அதை நெடுநேரம் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு.

"அன்றைக்கு அவர்கள் வீட்டில் இன்னொரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தியவள் நான். நீங்கள் இருட்டுமுன் புறப்படலாம் என்றுதான் சொன்னீர்கள். என்னால்தான் அப்படி ஆயிற்று என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. என் மானத்தைக் காக்க நான் சொன்ன ஒரு சொல், அவள் மேல் இப்படி ஒரு சுமையாக உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அவள் டப்பாவை மூடினாள். "பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்; ஓட்டப்போகிறவள் அவள்," என்றாள். பிறகு, "டார்ச்சை எங்கே காட்ட வேண்டும்?" என்று கேட்டாள்.

அன்றிரவே மகளைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பியூஸ் எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து அனுப்புங்கள் அப்பா," என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இரவு, சோதித்துப் பார்க்க வண்டியை வெளியே எடுத்தேன். கதவைத் திறந்துகொண்டு என் மனைவி வந்து உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஃபாஸ் வேக்குப் போனோம். குளிர் அதிகம், அவள் சால்வையைத் தலைவரை போர்த்தியிருந்தாள். புது சுவிட்சைத் தட்டியதும் சாலை வெகுதூரம்வரை வெளுத்தது. எதிரே ஒரு கார் வந்தது. காலை அழுத்தினேன். தொலைவிளக்குகள் இரண்டும் ஒருசேர அணைய, தாழ் ஒளி அப்படியே சாலையில் நின்றது. அந்தக் கார் கடந்து போயிற்று.

"இன்னொரு தடவை அழுத்துங்கள்," என்றாள்.