முயல் காட்டில் நாய் தேடிய கதை!

நம் ஊரில் உழவு மாடு பிடிக்கப் போகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். இங்கிலாந்தில் ஒரு முயல் வேட்டை நாயைத் தேர்ந்தெடுப்பதும் அதற்குக் கொஞ்சமும் குறையாத வேலை. தெட்ஃபோர்டில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு மூன்று வாரம் சுற்றிய பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

உறவினர் வீட்டில் தங்கியிருந்த எனக்குப் பகலில் வேலை எதுவும் இல்லை. பெரியவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. 13 வருடம் கூடவே இருந்த அவருடைய நாய் அந்த வருட வசந்தகாலத்தில் இறந்துபோயிருந்தது. "நாய் பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்றார். ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மணலும் முயலும்

லண்டனிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டரில், நார்ஃபோக் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது தெட்ஃபோர்ட். ஊருக்குள் ஓடும் ஆற்றின் நடுவே ஒரு சிறு தீவு. அதில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஒரு சீக்கியரின் சிலை. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்! ஆங்கிலேயர்கள் சிறுவயதிலேயே நாட்டைப் பறித்து, பிறகு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த அந்த மகாராஜா, 1863-ல் பக்கத்து ஊரான எல்வெடனில் பெரிய எஸ்டேட் வாங்கித் துப்பாக்கி வேட்டையில் பெயர் எடுத்தார். அவர் சமாதியும் அங்கேதான் இருக்கிறது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இந்தச் சிலையைத் தவறாமல் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன்.

சுற்றியுள்ள பகுதிக்கு பிரெக்லாந்து என்று பெயர். இங்கிலாந்து என்றதும் நமக்குத் தோன்றும் பச்சைப் பசேல் ஊர் அல்ல இது. பிரிட்டனில் மழை குறைவான பகுதிகளில் ஒன்று. மேலே மணல், கீழே சுண்ணாம்புப் பாறை, எங்கே காலை வைத்தாலும் கூரான சிக்கிமுக்கிக் கல். இந்தக் கல்லுக்காகவே கற்கால மனிதர்கள் தோண்டிய 400-க்கும் மேற்பட்ட சுரங்கக் குழிகள் 'கிரைம்ஸ் கிரேவ்ஸ்' என்ற இடத்தில் இன்றும் தெரிகின்றன.

இந்த மண்ணில் பயிர் சரியாக விளையாத காலத்தில் நன்றாக விளைந்தது முயல்தான். நார்மன்கள் கறிக்காகவும் தோலுக்காகவும் கொண்டுவந்த முயல்களைப் பெரிய பெரிய மேடுகளில் பண்ணையாக வளர்த்தார்கள். ஊருக்கு மேற்கே சுமார் 3 கிலோமீட்டரில், பைன் மரக் காட்டுக்குள் ஒரு பழைய கல் மாளிகை நிற்கிறது. 1400-ம் ஆண்டு வாக்கில் மடாலயத் தலைவர் கட்டியது என்கிறார்கள். கோட்டைபோலத் தடித்த சுவர். எதற்கு? முயல்களைக் காவல் காக்க! அன்றைக்கு முயல்கறி பணக்காரர்களின் பண்டம். ஆயுதத்தோடு வரும் திருடர்களிடமிருந்து காவல்காரர்கள் உயிர் தப்ப அந்தச் சுவர் தேவைப்பட்டிருக்கிறது.

சுவரைத் தட்டிக் காட்டிய பெரியவர், "நாம் தேடுகிற நாயின் கதை இங்கேதான் தொடங்குகிறது" என்றார்.

ஏழையின் நாய்

14-ம் நூற்றாண்டின் இறுதியில், இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. நிலத்திலிருந்து வருடத்துக்கு 40 ஷில்லிங் வருமானம் இல்லாதவர் வேட்டை நாய் வைத்திருக்கக் கூடாது. கிரேஹவுண்ட் நாய் என்பது அந்தஸ்தின் அடையாளம் ஆயிற்று. ஏழைகள் சும்மா இருப்பார்களா? கிரேஹவுண்டின் ஓட்டமும் ஆட்டு நாயின் புத்தியும் சேர்ந்த கலப்பு நாய்களை வைத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். பார்த்தால் மேய்ப்பன் நாய்போல இருக்கும். இரவில் முயலைப் பிடித்துச் சத்தமில்லாமல் கொண்டுவந்து கொடுக்கும். இந்த வகை நாய்களுக்கு 'லர்ச்சர்' என்று பெயர். பதுங்கித் திரிவதைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர்.

லர்ச்சர் ஒரு தனி இனம் அல்ல. கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, டீர்ஹவுண்ட் போன்ற ஓட்டக்கார நாய் ஒருபக்கம். கோலி போன்ற ஆட்டு நாயோ, பெட்லிங்டன் போன்ற டெரியரோ மறுபக்கம். எதை எதோடு எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமமே. நம் ஊரில் கன்னி, சிப்பிப்பாறை என்று இனச் சுத்தம் பார்த்து விலை பேசுகிறோம். இங்கே கலப்பைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

முதலில் போனது காப்பகத்துக்கு

விற்பவரிடம் போவதற்கு முன்னால் பெரியவர் என்னை ஒரு நாய்க் காப்பகத்துக்கு அழைத்துப் போனார். சனிக்கிழமைகளில் அங்கிருக்கும் நாய்களை நடக்க அழைத்துச் செல்வது அவர் வழக்கம். கூண்டுக்குக் கூண்டு நீண்ட முகமும் ஒட்டிய வயிறுமாக லர்ச்சர்கள். ஒன்றின் காலில் கம்பி கிழித்த தழும்பு. இன்னொன்று யார் கையை உயர்த்தினாலும் தரையோடு தரையாக ஒடுங்கிவிடுகிறது.

"வேட்டைக்கு என்றால் இங்கே நாய் தர மாட்டார்கள். அது சரிதான். ஆனால், தவறான நாயை வாங்கினால் அது கடைசியில் எங்கே வந்து சேரும் என்பதை வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்றார். திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை.

அழகு நாய், ஆபத்து நாய்

அடுத்த வாரம் போன இடத்தில் சலூக்கி - கிரேஹவுண்ட் கலப்புக் குட்டிகள். சந்தன நிறம், காதில் பட்டு மயிர், பெரிய கண்கள். நானாக இருந்தால் அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பேன். விற்றவர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். திறந்த வயலில் ஒரு காட்டுமுயலை நாய் வளைத்து வளைத்துத் துரத்துகிறது. பெரியவர் முகம் மாறிவிட்டது. "தாய் எங்கே?" என்றார். "வேறு இடத்தில் இருக்கிறது." "சரி, வருகிறோம்" என்று கிளம்பிவிட்டார்.

காரில் வைத்து விளக்கினார். தமிழில் நாம் எல்லாவற்றையும் முயல் என்கிறோம். இங்கே இரண்டும் வேறு வேறு. வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ராபிட். வெட்டவெளியில் தனியாகப் படுத்துக் கிடக்கும், நீண்ட காது முயல் ஹேர். நம் கரிசல் காட்டில் ஓடுவதும் வளை தோண்டாத இந்த இரண்டாவது வகைதான். வளைமுயல் பயந்தால் பக்கத்து வளைக்கு ஓடும். சில விநாடிகளில் பந்தயம் முடிந்துவிடும். அதற்குச் சட்டென்று பாய்ந்து, சட்டென்று திரும்பும் சிறிய நாய் போதும். காட்டுமுயலோ வயல் வயலாக ஓடும். அதைத் துரத்த மூச்சு வாங்காத சலூக்கி ரத்தம் வேண்டும்.

2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வேட்டைச் சட்டப்படி இங்கிலாந்தில் நாயை விட்டுக் காட்டுமுயலைத் துரத்துவது குற்றம். வளைமுயலுக்கும் எலிக்கும் மட்டும் விலக்கு. அதுவும் சொந்த நிலமாக இருக்க வேண்டும், அல்லது நிலக்காரர் அனுமதி வேண்டும். ஆனாலும், பந்தயம் கட்டிக் காட்டுமுயலைத் துரத்தும் கும்பல்கள் அடங்கவில்லை. அதனால் 2022-ல் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். இப்போது சிறைகூட உண்டு. நாய் வைத்திருக்கவே நீதிமன்றம் தடை போடலாம். நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையே குற்றம் என்று நான் சொன்னதும், "அப்படியென்றால் உங்கள் வேட்டை நாய்கள் என்ன செய்கின்றன?" என்று கேட்டார். "தோட்டம் காக்கின்றன. சிலர் சட்டத்தை மீறி வீடியோ போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்" என்றேன். "எல்லா ஊரும் ஒன்றுதான்" என்று சிரித்தார்.

தாயைப் பார்க்காமல் அவர் வாங்காததற்கும் காரணம் உண்டு. 2020 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை இடைத்தரகர்கள் வியாபாரமாக விற்க முடியாது. குட்டியைப் பிறந்த இடத்தில், தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். "சட்டம் இல்லாவிட்டாலும் தாயைப் பார்க்க வேண்டும். குட்டி நாளைக்கு எப்படி இருக்கும் என்று தாய்தான் சொல்லும்" என்றார்.

மூன்றாவதாகப் பார்த்தது கோலி - கிரேஹவுண்ட் கலப்பு. தாய் நாய், சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டது. பெரியவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால், அரைமணி நேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "இதற்குத் தினமும் வேலை வேண்டும். இல்லாவிட்டால் வீட்டையே மேய்க்க ஆரம்பித்துவிடும். இருபது வருடத்துக்கு முன்னால் என்றால் வாங்கியிருப்பேன். நாய்க்கு வயது பார்க்கிறோம், நம் வயதையும் பார்க்க வேண்டும் இல்லையா?"

கோழிகளுக்கு நடுவே ஒரு குட்டி

கடைசியாகப் போனது சஃபோக் பக்கம் ஒரு பண்ணை வீடு. பெட்லிங்டன் - விப்பெட் கலப்பு. விப்பெட்டின் வேகமும், ஆட்டுக்குட்டிபோல மயிர் சுருண்ட பெட்லிங்டனின் துணிச்சலும் சேர்ந்தது. முள்ளும் குளிரும் தாங்கும் ரோமம். வளர்ந்தாலும் 18 முதல் 20 அங்குல உயரம்தான்.

அங்கே அவர் முதலில் பார்த்தது குட்டிகளை அல்ல, முற்றத்தை. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன, தாய் நாய் அவற்றுக்கு நடுவே சாவகாசமாகப் படுத்திருந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். ஆட்டையோ கோழியையோ துரத்தும் நாய்க்குக் கிராமத்தில் இடம் கிடையாது. ஆடுகளைக் காக்க வேறு வழியில்லை என்றால், துரத்தும் நாயைச் சுட்டுவிடக்கூட இங்கே சட்டத்தில் இடம் உண்டு.

பிறகுதான் குட்டிகள். பாதத்தைக் கையில் வைத்து விரல்கள் இறுக்கமாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்தார். சிக்கிமுக்கிக் கல் பூமியில் விரல் விரிந்த நாய் ஒரு வருடம் தாங்காது. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சரியாகக் கடிக்கின்றனவா, நெஞ்சுக்கூடு ஆழமாக இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியாகத் தள்ளிப் போய்த் தரையில் உட்கார்ந்து, நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். ஒன்று ஓடிவந்து ஷூ கயிற்றை இழுத்தது. ஒன்று தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. சாம்பல் நிறப் பெண் குட்டி ஒன்று பாதி தூரம் வந்து, நின்று, அவரைப் பார்த்துவிட்டு மெதுவாக வந்து மடியில் ஏறியது.

"இதுதான்" என்றார். "வேகமாக ஓடிவந்ததை விட்டுவிட்டீர்களே?" என்றேன். "ஓட்டம் எல்லாவற்றுக்கும் ரத்தத்திலேயே இருக்கிறது. எனக்கு நிற்கத் தெரிந்தது வேண்டும்."

வேலிக்கு அந்தப் பக்கம்

அதன் அர்த்தம் ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் மாலைதான் புரிந்தது. அவர் முயல் பிடிக்க அனுமதி வாங்கியிருக்கும் கேரட் வயலுக்குப் போனோம். வயலோரத்தில் இரண்டு மூன்று வரிசை அடியோடு காலி. முயல் வேலை. விவசாயிக்கு அது நஷ்டம்.

வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெளி. அங்கே யாரோ மரக்கிளைகளைக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். "குப்பையா?" என்றேன். "முயலுக்கு வீடு" என்றார்!

1953-ல் பிரிட்டனுக்கு வந்த மிக்ஸோமடோசிஸ் நோய், சில வருடங்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முயலைக் கொன்றது. மீண்டு வந்த முயல்களை, பிறகு வந்த ரத்தக்கசிவு நோய் தாக்கியது. முயல் குறைந்ததும் புல் உயர்ந்தது. முயல் ஒட்டக் கடித்து வைத்திருந்த தரையில் மட்டுமே வளரும் அபூர்வச் செடிகள் மறைய ஆரம்பித்தன. கட்டைப்புல் தரையில் கூடு வைக்கும் கண்கிலேடிப் பறவைக்கும் இடம் போயிற்று. அதனால் பிரெக்லாந்தில் இயற்கை ஆர்வலர்கள் கிளைகளைக் குவித்து, மண் மேடு கட்டி, முயலை மறுபடி வளர்க்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் தொல்லை, அந்தப் பக்கம் செல்வம். முயல் ஒன்றேதான்.

"இந்த வேலியோரத்தில் நாய் நிற்க வேண்டும். கூப்பிட்டால் திரும்ப வேண்டும். எவ்வளவு வேகம் இருந்தாலும் அது இல்லாவிட்டால் அந்த நாயை நான் வைத்துக்கொள்ள முடியாது" என்றார். அவர் கையில் பழைய நாயின் தோல் வார் இருந்தது. நாய் இல்லாமலேயே அதை எடுத்து வந்திருந்தார்.

குட்டிக்கு எட்டு வாரம் நிறைந்து வீட்டுக்கு வந்தபோது நான் சென்னை திரும்பியிருந்தேன். சில மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வயல் வேலி, அந்தி வெளிச்சம். வேலிக்கு அப்பால் புல்வெளியில் இரண்டு முயல்கள். இந்தப் பக்கம், காதை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது அந்தச் சாம்பல் குட்டி. வார் அதன் கழுத்தில் இல்லை, பக்கத்தில் புல்மேல் கிடக்கிறது.