கசப்பும் பொறுமையும்

அரபு மொழியில் பொறுமையை ‘ஸப்ர்’ என்பர். கசப்பு மருந்தாகிய கற்றாழைச் சாற்றை ‘ஸபிர்’ என்பர். ஸாத், பா, ரா என்னும் மூன்று எழுத்துகளே இரண்டிற்கும் வேர். இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடக் கண்டது, குழந்தைப்பேற்றுக்காகச் சிகிச்சை பெற்றுவரும் என் சகோதரியின் மகளிடத்தில்தான்.

தொடங்கிய ஆறாம் நாள், ஸ்கேன் பார்த்த மருத்துவர் ஊசி மருந்தின் அளவைக் குறைத்தார். உருவாகும் கருவையும் உடனே கருப்பையில் வைக்காமல், உறையவைத்துப் பின்னொரு மாதம் வைக்கலாம் என்றார். “மாமா, பட்ட பாடெல்லாம் வீண்தானா?” என்று கலங்கினாள் அவள்.

வீணன்று. சிலருக்கு ஊசியால் சினைமுட்டைகள் அளவுக்கு மிஞ்சி வளர்ந்துவிடும். அதனால் வயிற்றில் நீர் கோக்கும், மூச்சு முட்டும், அரிதாக உயிருக்கும் ஆபத்து நேரும். அந்நிலையில் கருவுற்றால் துன்பம் கூடும். அதனாலேயே இந்த மாற்றம். உறையவைத்த கருவிலிருந்து குழந்தை பிறப்பதும் புதுமையில்லை; 1984ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் அவ்வாறு ஒரு குழந்தை பிறந்தது. அவளுடைய உடல் கூறிய விடையைக் கேட்டே மருத்துவர் மருந்தை மாற்றினார்.

விளக்கம் அவளுக்குத் தெளிவு தந்தது. ஆயினும், “இம்மாதம் என்னாயிற்று?” என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் வாடுகிறது. அன்பால் கேட்பதாயினும், நாள் எண்ணுகிறவளிடம் நாமும் நாள் எண்ணிக் காட்டுவது பாரமே. அவளே சொல்லும்வரை கேளாதிருப்போம். மருத்துவமனைக்குத் துணை செல்வோம்.

கசப்பை அவள் அருந்துகிறாள். பொறுமையில் ஒரு பங்கையேனும் நாம் ஏற்கலாகாதா?