தேடியதற்குக் கூலி

வேலைக்கூலியில் பேரம் பேசுவது எனக்குக் கைவந்த கலை. பொருளுக்குச் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன். பெட்டி இருக்கிறது, பில் இருக்கிறது, கையில் எடுத்துப் பார்க்கலாம். கூலி என்று வந்தால்தான் "அரைமணி நேர வேலைக்கு இவ்வளவா?" என்று வாய் தானாகத் திறக்கும். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தச்சர் யாரும் தப்பியதில்லை. அந்தக் குணம் கொஞ்சம் ஆட்டம் கண்டது, காரிலிருந்து காணாமல் போன கூலண்டால்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் வண்டி. கோவைக்குள் ஆபீஸ் போகவும், அவ்வப்போது வால்பாறையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஏறவும். பானட்டைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்டிக்கில் ரிசர்வ் டேங்க். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. நடுவில் நிற்க வேண்டிய கூலண்ட் கீழ்க்கோட்டையும் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஊற்றினால் கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. தரையில் மட்டும் ஒரு சொட்டுக் கிடையாது. இரவில் அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் எடுத்தால் காய்ந்த அட்டை. ஒருமுறை ஆபீஸ் வாசலில் சொட்டிய தண்ணீரைப் பார்த்து, கண்டுபிடித்துவிட்டேன் என்று குனிந்தேன். ஏசி தண்ணீர். நிறமில்லை, வாசமில்லை. கூலண்ட் என்றால் விரலில் வழுக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும்.

குறைந்தால் ஊற்றிக்கொண்டால் போச்சு என்று சொன்னவர்கள் நிறைய. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு படி மேலே போய், ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொன்னார். லாரிக்காரர்கள் நடுவழியில் செய்கிற வைத்தியம்தான்; தூள் ஊறி ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எது ஓட்டை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று தெரியாது. வீடு வந்து சேர்கிற வரைக்கும் சரி, அதற்குமேல் ஆகாது.

எனக்குக் கவலை தண்ணீரைவிட அழுத்தத்தைப் பற்றி. ரேடியேட்டர் மூடி சும்மா மூடி இல்லை, பிரஷர் குக்கரின் வெயிட் செய்கிற வேலையைச் செய்கிறது. என் வண்டி மூடியில் 0.9 என்று போட்டிருக்கும். 100 டிகிரியில் கொதிக்கிற வெறும் தண்ணீர்கூட அந்த 0.9 பார் அழுத்தத்தில் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கூலண்ட் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே என்பதும் இதனால்தான். திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். எங்கேயோ கசிகிறது என்றால் அந்த அழுத்தமும் நிற்கவில்லை என்று அர்த்தம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்; செகண்ட் கியரில் இழுக்கிற அந்த ஏற்றத்தில் என் கண் ரோட்டில் பாதி, டெம்பரேச்சர் முள்ளில் பாதி. தண்ணீர் ரொம்பக் குறைந்து சென்சார் காற்றில் நின்றுவிட்டால் அந்த முள்ளும் பொய் சொல்லும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல வேளை, முன்பே தெரிந்திருந்தால் வண்டியை எடுத்திருக்கவே மாட்டேன்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் டார்ச் அடித்துப் பார்த்து, கீழ் ஹோஸ் ஈரமாக இருக்கிறது என்று ஹோஸையும் கிளிப்பையும் மாற்றினார்கள். கசிவு நிற்கவில்லை. இரண்டாம் முறை போனபோது "அப்ப ஹெட் கேஸ்கெட்தான் சார், ஹெட்டை இறக்கணும்" என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பினேன்.

சித்தாபுதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பை நண்பர் காட்டினார். அங்கே இருந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது, எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மொதல்ல பயத்த எடுத்துரலாங்க" என்றார். ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தார். உள்ளே நீலத் திரவம். இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரில் தேங்கும் காற்றை அதற்குள் இழுத்தார். ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த புகை தண்ணீருக்குள் கலந்துவிடும், அது பட்டால் நீலம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது. ஆயில் மூடியைத் திறந்து, பால் கலந்த மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்தார். இல்லை.

"வண்டிய விட்டுட்டுப் போங்க. காலைல வாங்க."

எதற்கு என்றேன். சில கசிவு இன்ஜின் சூட்டில் இருக்கும்போதுதான் வரும், சில கசிவு ஆறிக் கிடக்கும்போதுதான் வரும், சூடேறினால் சீல் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும் என்றார். ராத்திரி முழுக்க ஆறட்டும். அந்த ஒரு ராத்திரிக்கும் கூலி போடுவாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

காலையில் போனபோது மூடியைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் கைப்பம்பு வைத்த மீட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தார். முள் 0.9 வரும்வரை அடித்தார். மூடியில் எழுதியிருப்பதற்கு மேலே போகக்கூடாதாம். நன்றாக இருக்கிற இடத்தையும் பிய்த்துவிடுமாம். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசைகிறதா இல்லையா என்று தெரியாத வேகத்தில் முள் இறங்கியது. டீ முடிவதற்குள் 0.8. அவர் எழுந்து, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற நீளக்காம்புக் கண்ணாடியை எடுத்து, டார்ச்சோடு இன்ஜின் இடுக்கில் விட்டார்.

"இங்க வந்து பாருங்க."

கண்ணாடி வட்டத்துக்குள் வாட்டர் பம்பின் அடிப்பக்கம். அங்கே ஒரு சிறிய துளை. துளையின் உதட்டில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக உப்புப் பூத்த தடம், அதன் நுனியில் ஒரு துளி. துளி பெருத்தது, கீழே விழாமல் பிராக்கெட்டில் சாய்ந்து ஓடியது, அங்கிருந்து கீழ் ஹோஸின் கிளிப்புக்கு வந்தது. முதல் ஒர்க்‌ஷாப்காரர்கள் பார்த்த ஈரம் இதுதான். அதற்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள, வண்டி ஓடி சூடேறியதும் காய்ந்துவிடும். என் அட்டையில் எப்படி விழும்?

அந்தத் துளை உடைசல் இல்லை, வேண்டுமென்றே விட்டிருப்பது. பம்பின் சீல் போனால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து ஆளுக்குத் தகவல் சொல்வதற்காக. அதையே எம்-சீல் வைத்து அடைத்துக்கொண்டு வந்த புத்திசாலிகளையும் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

பம்பை மாற்றுவது சாயங்காலத்துக்குள் முடிந்தது. அதைச் சுற்றுவது டைமிங் பெல்ட் என்பதால், கழற்றியதோடு பெல்ட்டையும் புதிதாகப் போட்டார். வடித்த பழைய கூலண்டைப் பையன் சாக்கடையில் கொட்டப் போக, அண்ணன் சத்தம் போட்டு கேனில் ஊற்றச் சொன்னார். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், அது விஷம். கழற்றிய பம்பின் இறக்கைகள் அரித்து, துருச் சேறு அப்பியிருந்தது. முன்பு வைத்திருந்தவர் போர் தண்ணீரே ஊற்றி ஓட்டியிருக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்கு அலுமினியம் அவ்வளவுதான். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலண்டை ஊற்றிவிட்டு, ஏர் லாக் எடுக்க ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்னையே உள்ளே உட்காரச் சொன்னார். ஏப்ரல் மாதக் கோவையில் காருக்குள் ஹீட்டர். ஊட்டியில்கூட நான் அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை.

பில்லில் பம்ப், பெல்ட், கூலண்ட், மாட்டின கூலி என்று எழுதியிருந்தது. கண்ணாடிக் குழாய், ராத்திரி, மீட்டர், டீ முடியும்வரை காத்திருந்தது எதுவும் இல்லை. வாங்கிப் பார்த்துவிட்டு, என் வாழ்க்கையில் முதல் முறையாக, குறைவாக இருக்கிறதே என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"தேடுனதுக்கு என்னன்னுங்க எழுதறது? எழுதுனா, சும்மா பாத்ததுக்குக் காசான்னு சண்டைக்கு வருவாங்க."

அந்தச் சண்டைக்கு வருகிறவன் யார் என்று எனக்குத் தெரியும். மேலே கொஞ்சம் வைத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போதும் கூலியில் பேரம் பேசுகிறேன், பொய் சொல்வானேன். ஆனால் ஒருத்தர் கை வைக்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தை மட்டும் கணக்கில் கழிப்பதில்லை.

போன மாதம் ஆபீசில் கூட வேலை செய்பவரின் காரிலும் கூலண்ட் குறைந்தது. ராத்திரி வண்டியை விட்டுவிட்டுக் காலையில் பார்க்கச் சொன்னேன். "அவ்வளவு நேரம் யாருக்கு சார் இருக்கு?" என்று ரேடியேட்டரையே மாற்றிவிட்டார். நேற்று அண்ணன் நம்பர் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறார்.